கண்மாய் மீனை நம்பி எழுதிய சீட்டுகள்

சாத்தனேந்தல்,
திங்கட்கிழமை இரவு.

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருக்கும் என் தாய்மாமா குருநாதன் அவர்களுக்கு, மருமகள் சண்முகவள்ளி கும்பிட்டு எழுதிக்கொண்டது. அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதவேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவ்விடம் எங்கள் காளை சுகம். மற்ற யாரும் சுகமில்லை.

மாமா, வியாழக்கிழமை ரயிலில் அய்யா அங்கே வந்து இறங்கினால் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குத் தோணி ஏற விடாதீர்கள். பார்சல் அறையில் வைத்துப் பூட்டினாலும் சரிதான், மூன்று வேளையும் சோறு மட்டும் போடுங்கள், கத்தரிக்காய் வேண்டாம், அவருக்கு அரிக்கும். நான் தூங்கிவிட்டதாக நினைத்து அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்துல என்னைய நிக்கவச்சுக் கேப்பாக மீனம்மா. அதுக்கு முந்தி அக்கரைக்குப் போயிரலாமான்னு இருக்கு." அதற்கு அம்மா, "போங்க. எந்தக் கடல்ல விழுந்தீகன்னு மட்டும் ஒரு கடுதாசி போடுங்க" என்றாள். அப்புறம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்திய எருதுகட்டுத் திருவிழாவில் ஆரம்பித்தது. எங்கள் கண்மாய் வற்றும்போது மீனை ஏலம் விடுவார்கள், அந்தப் பணம் ஊர்ப் பொதுப்பணம், அதை வைத்திருப்பது அய்யா என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் ஒரு ராத்திரி நாடகம் போதாது, மூன்று ராத்திரி வேண்டும் என்றார்கள், அப்படியானால் வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியைக் கூட்டலாமா என்று அய்யா கேட்டார், வரி வேண்டாம் நாடகம் மட்டும் வேண்டும் என்றார்கள், அதனால் அடுத்த வருஷ மீனை நம்பி அய்யா நாடகக்காரர்களுக்குச் சீட்டு கொடுத்தார். 'இதைக் கொண்டுவருபவருக்கு மீன் ஏலம் முடிந்ததும் ஐந்து ரூபாய்.' மங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது மாமா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அரிசி கொடுத்தார். அவர் அரிசி கொடுத்ததும் சீட்டு பணமாகிவிட்டது. பிறகு யார் கடன் கேட்டாலும் அய்யா சீட்டாகவே கொடுத்தார். வெளியே நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, அய்யாவிடம் கால் ரூபாய். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. கூத்தையா பெரியப்பா சைக்கிள் வாங்கினார், ஓட்டத் தெரியாததால் கூடவே நடத்திக்கொண்டு போவார். இருளாண்டி சித்தப்பா ரேடியோ வாங்கினார், பாட்டரி தீர்ந்த பிறகும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். எல்லார் மடியிலும் சீட்டு இருந்ததால் பன்னிரண்டு ரூபாய் ஆடு முப்பதுக்குப் போனது. ஊர் பணக்கார ஊராகிவிட்டது என்று ஆட்டைத் தவிர எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

மாமா, அந்தச் சீட்டுகளை எழுதியது நான். அய்யாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிப் பார்த்து, "எம் மக எழுத்துக்கே அஞ்சு ரூவா குடுக்கலாம்ல" என்பார். போன பங்குனியில், கணக்குப் பாடத்துக்குப் பழகலாமென்று அய்யாவின் கடன் நோட்டை வைத்து வெளியே இருக்கும் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டு, இரண்டாயிரத்து அறுபது ரூபாய். மீன் ஏலம் ஐந்நூறு ரூபாய்க்குமேல் போனதில்லை. அப்படியென்றால் நாலு வருஷ மீனை நாங்கள் தின்றுவிட்டோம். சொன்னால் எழுதச் சொல்லமாட்டாரே, என் எழுத்தைத் தூக்கிப் பார்க்கமாட்டாரே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போன வருஷ ஏலப் பணம் முன்னால் வந்த சீட்டுகளுக்கே போய்விட்டது. இந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை, கார்த்திகையிலும் இல்லை. கண்மாய்க்குள் பையன்கள் கபடி விளையாடுகிறார்கள். போன வாரம் நெய்னா முகம்மது மாமா அய்யாவிடம், "மச்சான், கண்மாயில தண்ணியக் காணோம், ஒன் சீட்டுல மட்டும் எப்படி மீன் நீந்துது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தப் பேச்சு, அய்யா ஏறிவந்த பஸ்ஸுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே வாசலில் கூட்டம். இருளாண்டி சித்தப்பா சத்தம்தான் பெரிது. "அண்ணே, இந்தக் காயிதத்த வச்சு நான் முதுகா சொறியட்டும்? பணத்தக் குடு!" பெட்டியில் முப்பத்தேழு ரூபாய் இருந்தது. அம்மா தோட்டைக் கழற்றி நீட்டினாள். அய்யா அதைத் திருப்பி அவள் கையில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "போட்டுக்க. ஒன் காது மூளியா இருந்தா ஊரு இன்னும் பயந்துக்கிரும்."

சீட்டில் இருப்பது என் எழுத்து. போலீசு வந்தால் என்னைத்தான் பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது. ஆனால் அதைவிட, அய்யா இல்லாத வீட்டை நினைத்தால்தான் அதிகப் பயம். விளக்கைத் தணித்துவைத்து எழுதுகிறேன். மேலே எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நீங்களும் அத்தையும் நோயில்லாமல், பார்சல் அறைச் சாவி தொலையாமல், நெடுங்காலம் இருக்க எங்கள் அய்யனார் துணைசெய்வார். அம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைக்கிறேன்.

தங்கள் பயந்த மருமகள்,
சண்முகவள்ளி

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாமா, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். விடியுமுன் அய்யா கடன் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்றைக்கே ஓடுகிறார் என்று நான் பின்னால் ஓடினேன். அவர் போனது இருளாண்டி சித்தப்பா வீட்டுக்கு. 'நீ வச்சிருக்க சீட்டையும் நீ வாங்கின கடனையும் நேருக்கு நேர் கழிச்சுக்குவோம், நெய்னா எங்கிட்ட கடன் வாங்கல, அவரு கையில இருக்க சீட்டுக்கு நான் காளைய வித்துக் குடுக்கேன், நான் எங்கயும் போகல' என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லத்தான் புறப்பட்டிருக்கிறார். ஆனால் சித்தப்பா நோட்டைப் பார்த்ததும், கடனைக் கேட்க வந்திருக்கிறார் என்று கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துவிட்டார். அதைப் பார்த்துக் கூத்தையா பெரியப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஒன்பது வீடு பூட்டிக்கொண்டது. ஊரில் சீட்டு வைத்திருந்தவர்கள் எல்லாருமே அய்யாவிடம் கடன் வாங்கியவர்கள் மாமா! அய்யா நடுத்தெருவில் நின்று, "ஏலே, நில்லுங்கடா! கடனத் தீத்துவிட வந்தவனப் பாத்தா ஓடுறீக?" என்று கத்திவிட்டு, இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். அப்போது நான் பங்குனிக் கணக்கைச் சொல்லி அழுதேன். அவர் என் தலையில் கைவைத்து, "எனக்கும் தெரியும்த்தா. ஊருக்கே தெரியும். மழை பெஞ்சிரும்னு இருந்தோம்" என்றார்.

அதனால் அய்யா வரமாட்டார். இருளாண்டி சித்தப்பாதான் காலைப் பஸ்ஸில் ராமநாதபுரம் போய், உங்கள் ஊர் ரயில் ஏறியிருக்கிறாராம். அங்கே அவரைக் கண்டால் திட்டாமல் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, அண்ணனுக்குக் கோபமில்லை, சித்தி இன்னும் உலை வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.