முட்டைக்கோஸ் தின்ற ஆளுநர்

நான்சி நகரில் அத்தானோடும் பிள்ளைகளோடும் நலமாயிருக்கும் அன்பு அக்கா சலோமே அவர்களுக்கு, கொல்மாரிலிருந்து தம்பி அலோய்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் விடுதியும் நலம். மகள் ஒடீல் மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம், ஆளுநர்.

பிரான்சு தோற்று நம் சீமை ஜெர்மன் பேரரசுக்குப் போனதிலிருந்து பெர்லின் எத்தனையோ ஆளுநர்களை அனுப்பிவிட்டது. எல்லாரும் கத்துவார்கள், பிரெஞ்சுப் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்வார்கள், நாமும் நிம்மதியாக வெறுப்போம். இப்போது வந்திருக்கும் ஹெல்போர்ன் துரை கத்துவதே இல்லை, அக்கா. காவலாள்கூட இல்லாமல் தனியாக விடுதிக்குள் வந்து, "என்ன அலோய்ஸ், சௌக்கியமா?" என்கிறார். கத்தாத ஆளுநரை எப்படி நம்புவது? பக்கத்துச் செருப்புக்கடை டீபோல்ட் வந்து காதைக் கடித்தான்: "உன் பரண்ல பழைய பிரெஞ்சுக் கொடி இருக்கே, அதுக்குத்தான் மோப்பம் பிடிக்கிறான். மாட்டினே, ஜெயில்தான்."

உடனே கொடியை எடுத்து, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் பீப்பாய்க்குள்ள அடியில அமுக்கி வச்சேன். துரை மறுவாரமே வந்து உட்கார்ந்து அந்த முட்டைக்கோஸையே கேட்கிறாரு! விஷயம் தெரியாத ஒடீல் அள்ளிக்கிட்டு வந்து வச்சா பாரு, பாதி சிவப்பு, பாதி நீலம்! கொடியோட சாயம் இறங்கிடுச்சு அக்கா. அவர் தட்டைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

"பீட்ரூட் போட்டீங்களோ?"

"ஆ... ஆமாங்க துரை."

ஒரு இழை விடாம தின்னு முடிச்சு, எழுந்து போறப்ப மெல்லச் சொன்னாரு: "நாளைக்குப் போலீஸ்காரங்க சாப்பிட வருவாங்க. அவங்களுக்கு பீட்ரூட் ஆகாது. பீப்பாயை மாத்திடுங்க."

"எவ்வளவு நல்ல மனுஷன்!"ங்கிறா ஒடீல். நான் நம்புவேனா? பிடிக்க வேண்டியவன் பிடிக்காம விட்டா, பெருசா ஏதோ திட்டம் இருக்குன்னுதானே அர்த்தம்? இதைச் சொன்னதும், "நீ திருந்தவே மாட்டேப்பா"ன்னு பேச்சை நிறுத்திட்டா. ஆகவே எல்லை தாண்டி உன்னிடமே வந்துவிடுகிறோம். மாடியறையை ஒழித்து வை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்குக் கன்னத்துக்கொரு முத்தம். கன்னி மரியாள் உங்களைக் காக்கட்டும், ஆளுநரிடமிருந்து எங்களையும்.

தம்பி
அலோய்ஸ்

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். ஹெல்போர்ன் துரையை பெர்லின் திருப்பி அழைத்துவிட்டது. நம் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அவர்மேல் சந்தேகமாம். ரயிலடிக்கு ஊரே போனது. "வரேன் அலோய்ஸ்" என்றார். ரயில் மறையும்வரை நான் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ரயிலில் புது ஆளுநர் வந்தார். படியில் கால் வைக்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டார். ஒடீல் என்னோடு பேசிவிட்டாள், அக்கா. "இவரை நீ தாராளமா நம்பலாம்ப்பா" என்றாள்.