பரமலிங்கத்தாரின் அறுபத்துமூவர்

"விமலா, கையை எடாதை! சுத்து! இப்ப விட்டியெண்டால் கறுப்பன் செத்தான்!"

விமலேஸ்வரி கையை எடுத்தேவிட்டாள். முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து நின்ற சைக்கிளின் பின்சில்லு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. டைனமோவின் முனகல் அடங்கியது. பரமலிங்கத்தின் உள்ளங்கையில் இருந்த பெட்டியில் படம் மங்கி, மறைந்தே போனது.

"சாகட்டும்," என்றாள் விமலேஸ்வரி. "வீட்டிலை கட்ட ஒரு ஆடில்லை. பெட்டிக்குள்ளை அறுபத்து மூண்டு. கோயிலிலை அறுபத்துமூவரை வரிசையா வைச்சிருக்கிற மாதிரியெல்லோ வைச்சுக் கும்பிடுறியள்."

"கும்பிடேல்லை. வளக்கிறன்."

"வளக்கிற ஆள் நீங்கள். கை உளையிறது எனக்கு."

தண்ணீரூற்றில் நாற்பத்தெட்டு வயசில் விளையாட்டுப் பெட்டி வைத்திருந்த ஒரே மனுசன் பரமலிங்கம்தான். பகலெல்லாம் சீமெந்தை அச்சில் போட்டுக் கல் அரிகிற கூலிக்காரன். கனடாவில் இருக்கிற தமக்கை மகள் ரஜிதா ஒரு பாதிரியார் கையில் அதைக் கொடுத்துவிட்டிருந்தாள். பெட்டிக்குள்ளே காடு, ஆறு, குகையென்று நடந்து திரிய வேணும். எங்கேயும் கண்டிராத மிருகங்களைப் பிடிக்க வேணும், பழக்க வேணும், மற்றவனுடைய மிருகத்தோடு மோதவிட வேணும். எழுத்தெல்லாம் இங்கிலீசு. அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காமலே அறுபத்து மூன்றைப் பிடித்துவிட்டார்.

சண்டை நடக்கிற வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கம் விடுவதில்லை. அதனால் ஊர்ச்சனம் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. ரேடியோ கேட்கிற வயரில் மிருகம் வளர்த்தவர் பரமலிங்கம்.

"பற்றரியைத் தடுக்கலாம். என்ரை கையைத் தடுப்பாங்களோ?" என்பார்.

"அது என்ரை கை," என்பாள் விமலேஸ்வரி.

அவருக்கும் ஒரு ஞாயம் இருந்தது. ஏழு தரம் இடம்பெயர்ந்தவர். கிளிநொச்சியில் அவிழ்த்துவிட்ட மாடு வாய்க்கால் மட்டும் பின்னால் வந்து, அங்காலே வரத் தெரியாமல் நின்றது. நாயையும் கோழிகளையும் ஒவ்வொரு ஊரில் விட்டாயிற்று. கடைசி இரண்டு ஓட்டத்திலும் கூடவே வந்த சீவன்கள் இடுப்பு மடியில் இருந்த இதுகள்தான்.

இந்த நேரத்தில் ரஜிதாவின் கடிதம் வந்தது. 'மாமா, விளையாட்டின்ரை இரண்டாம் பாகம் வந்திட்டுது. அது போட்ட புதுப்பெட்டியும் வயரும் அனுப்பிறன். இரண்டு பெட்டியையும் தொடுத்தால் உங்கடை மிருகங்கள் வயருக்குள்ளாலை புது நாட்டுக்குப் போகும்.'

பரமலிங்கம் கடைசி வரியைப் பத்துத் தரம் வாசித்தார். ஆமி நிற்கிற வவுனியாவுக்குப் போக இஞ்சாலே இயக்கத்திடம் ஒரு பாஸ், அங்காலே ஆமியிடம் ஒரு பாஸ். சாகக்கிடக்கிற தாயைப் பார்க்கப் போனவனுக்குச் செத்தவீடு முடிந்தபிறகு பாஸ் கிடைத்த ஊர் இது.

"விமலா, என்ரை உருப்படி ஒண்டெண்டாலும் பாஸ் இல்லாமல் எல்லை தாண்டுறதைப் பாக்காமல் நான் கண் மூடமாட்டன்."

அவள் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

நாலு மாசம் போயிற்று. பார்சல் வரவில்லை. விசாரித்துச் சொன்னவன் ராசு. எழுபத்தேழுக் கலவரத்தோடு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவன். சிங்களம் நன்றாகப் பேசுவான். வியாபாரப் பாஸோடு சைக்கிளில் வவுனியாவுக்குப் போய்ச் சாமான் கட்டி வருகிறவன்.

"அண்ணே, பார்சல் வவுனியா போற வழியில ஆமி சாவடியில இருக்குங்க. ஒல்லியா ஒரு ஆமிக்காரன் வச்சிருக்கான். என்ன சாமான்னு எழுதிக் குடுக்கணுமாம்."

பரமலிங்கம் எழுதிக் கொடுத்தார்: 'இது சிறுபிள்ளையின் விளையாட்டுச் சாமான்.'

ராசு மூன்றாம் நாள் திரும்பி வந்தான். "அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றான்."

பரமலிங்கத்துக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

வேலியைப் பிடித்துக்கொண்டு கதை கேட்ட அயல்வீட்டுச் செல்வநாயகத்தார் உள்ளே வந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். கடதாசியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது.

"பரமு, நீ எழுதினது பிழை. விளையாட்டெண்டால் ஆரும் இரங்கான். வருத்தமெண்டால்தான் இரங்குவான். கைநடுக்கத்துக்குப் பாவிக்கிற மருத்துவச் சாமானெண்டு நான் இங்கிலீசிலை எழுதித் தாறன்."

"எனக்குக் கைநடுக்கம் இல்லையே அண்ணை."

"அதைப்பற்றி நீ யோசியாதை. நான் எழுதினால் இருக்கும்."

ராசு அடுத்த கிழமை வந்தான். "ஆஸ்பத்திரித் துண்டு கேக்கிறான்ணே. 'போன தடவை புள்ளைன்னான், இந்தத் தடவை நோயாளிங்கிறான், யார்றா இவன்'னு கொப்பியில உங்க பேரை எழுதிக்கிட்டான்."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. செல்வநாயகத்தார் தன் இங்கிலீசை மெச்சி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தார். கல்லரிகிற இடத்து முதலாளி காலையில் பரமலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"பரமு, குறை நினையாதை. கைநடுங்கிறவனிட்டை அச்சுப்பெட்டியைக் குடுக்கேலாது. கல் கோணுமெல்லே."

பரமலிங்கம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். ஆத்திரத்தில் இரண்டும் நடுங்கின.

"பாத்தியே," என்றார் முதலாளி.

வேலை போன கையோடு வீட்டுக்கு வந்து கொப்பி எடுத்தார். "இனிப் பொய் எழுதமாட்டன். உள்ளதை உள்ளபடி எழுதுறன். களவெடுத்த சாமானோ, ஒளிச்சு எழுத?"

ஐந்து பக்கம் எழுதினார். 'ஐயா, என்னிடம் அறுபத்து மூன்று பேர் உண்டு. கறுப்பன், நெருப்புத் துப்புவான், பலம் நாற்பத்தெட்டு. வள்ளி, தண்ணீருக்குள்ளால் வருவாள், பலம் நாற்பத்தொன்று. கட்டையன், மண்ணுக்குள் பதுங்கி இருந்து அடிப்பான். எல்லோரும் எல்லை தாண்ட ஆயத்தமாக நிற்கிறார்கள். பார்சல் வந்ததும் அனுப்புவேன்.'

விமலேஸ்வரி வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்திருந்தால் அடுப்புக்குள் வைத்திருப்பாள்.

கொண்டு போன ராசு, நாலாம் நாள் பொழுதுபடும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் இருக்கவும் இல்லை.

"என்னத்தண்ணே எழுதுனீங்க? என்னையே படிச்சு சிங்களத்துல சொல்லச் சொல்லி அரை நாளு புடிச்சு வச்சுட்டான்! 'தண்ணிக்குள்ளால வர்றது எத்தனை, நெருப்பு துப்புறவனை எங்க புடிச்சாரு, மண்ணுக்குள்ள பதுங்குறவனுக்கு இவ்வளவு பலம் எப்படி ஏத்துனாரு'ன்னு கேள்வி மேல கேள்வி! எனக்கு எதுவும் தெரியாதுங்கன்னு கும்பிட்டேன். ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டான். இப்ப உங்களையே நேர்ல வரச் சொல்றான்."

செல்வநாயகத்தார் வேலியை விட்டுவிட்டு மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"போகாதேங்கோ," என்றாள் விமலேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது. "சாமான் கிடக்கட்டும். பழைய பெட்டி இருக்குத்தானே. நான் எவ்வளவு நேரமெண்டாலும் சுத்துறன்."

"இல்லை விமலா. மாட்டை விட்டனான், திருப்பித் தா எண்டு கேட்கேல்லை. வீட்டை விட்டனான், கேட்கேல்லை. கேட்காமல் கேட்காமல்தான் எல்லாம் போனது. இதைக் கேட்கப்போறன்."

"அடிச்சால்?"

"அடிக்கட்டும். அடிச்சுப்போட்டுத் தரட்டும்."

இரண்டு பாஸ் எடுக்கப் பதினாறு நாள் போனது. தோய்த்த வேட்டி கட்டி, மடியில் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, ராசுவின் சைக்கிள் கரியரில் ஏறினார். விமலேஸ்வரி திருநீறு பூசிவிட்டாள். ஏச வேண்டிய அவ்வளவையும் ஏசாமல் விட்டாள்.

சாவடியில் மண்மூட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டில். வெயிலுக்குள் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பெயரைச் சொன்னதும் அந்த ஒல்லி ஆமிக்காரன் தலையை நிமிர்த்தி, விரலால் இவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டான். வரிசையில் நின்ற ஒரு கிழவர் 'முருகா' என்றார்.

மேசையில் பரமலிங்கத்தின் ஐந்து பக்கமும் விரித்துக் கிடந்தன. சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்திருந்தது.

பரமலிங்கத்தின் கை நடுங்கவில்லை.

"ராசு, நான் சொல்றதை ஒரு சொல் குறையாமல் சொல்லு. நான் கூலிக்காரன். ஏழு தரம் ஓடினனான். மாடு போச்சு, வீடு போச்சு, இப்ப தொழிலும் போச்சு. நான் எழுதினது அவ்வளவும் உண்மை. அறுபத்து மூண்டும் என்ரை. இருட்டிலையும் மழையிலையும் சைக்கிள் சுத்தி வளத்தனான். உன்ரை துவக்குக்குப் பயந்து இல்லையெண்டு சொல்லமாட்டன். என்ரை சாமானைத் தா. தராட்டில் ஏன் தரேல்லையெண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு!"

ராசு கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தான். சொல்லி முடிந்ததும் அடி விழுமென்று தோளை ஒடுக்கினான்.

ஆமிக்காரன் எழும்பினான். கொட்டிலுக்கு வெளியே எட்டி, தன் மேலதிகாரி பக்கத்தில் இல்லையென்று பார்த்தான். திரும்பி வந்து மேசைக்குக் கீழே குனிந்து ரஜிதாவின் பார்சலை எடுத்தான். கடதாசி கிழிந்திருந்தது. சப்பாத்து நூலால் கட்டியிருந்தான். அதை மேசையில் வைத்தான். கையை மட்டும் எடுக்கவில்லை. பரமலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் என்னவோ நீளமாகச் சொன்னான். அவனுடைய காது சிவந்துபோயிருந்தது.

ராசு ஆமிக்காரனையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா? என்ன சொல்றான்? என்னைப் பிடிக்கப் போறானாமோ? மறையாமல் சொல்லு!"

"இல்லண்ணே," என்றான் ராசு. "'நாலு மாசமா ராத்திரி டூட்டியில இதைத்தான் ஆடுறேன், மூணாவது குகையைத் தாண்ட முடியல, அய்யா ஒரு வழி காட்டிக் குடுத்துட்டுப் பொட்டியக் கொண்டு போகட்டும்'ங்கிறான்."