டபுள் பாண்டு அண்ணன் போட்ட நம்பர்

விழுப்புரத்தில் ஆரம்பித்துத் திண்டிவனம் வரைக்கும் ரோட்டின் ரெண்டு பக்கமும் வீடு வீடாகத் தேடினாலும், டபுள் பாண்டு அண்ணனைப் போல அடுத்தவனுக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றக்கூடிய ஒரு மனுஷன் கிடைக்கமாட்டார். இதை நான் கோயிலில் சூடம் ஏற்றிச் சொல்லத் தயார்.

போன வாரம், பதினோராவது படிக்கிற என் பொண்ணு புத்தகத்தை விரித்து "ஆல்கீன்கள்" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நிறுத்தும்மா அதை."

"ஏம்ப்பா, உனக்கு ஆல்கீன் தெரியுமா?"

தெரியுமாவா! ஒன்பதாவதோடு நின்றவன் நான். எனக்கு அமீபா தெரியாது, அல்ஜீப்ரா தெரியாது. ஆனால் ஆல்கீனை மட்டும் வாயைப் பிளந்து ஊற்றிவிட்டார்கள். அதனால் பிள்ளைகளே, அந்தப் பாடத்தைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் இதையும் படியுங்கள். ஒரு பாடம் ஒரு நல்ல மனுஷனை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

விழுப்புரத்துக்கு வெளியே வாழைக்காயைப் பழுக்க வைக்கிற ஒரு குடோனில் நான் மேஸ்திரி. லாரியில் வருகிற வாழைத்தாரை இறக்கி அடுக்குவது என் ஆட்களின் வேலை. மெஷினைப் போட்டு அறைக்குள் கேஸ் விடுவது டபுள் பாண்டு அண்ணன் வேலை. ஆதார் கார்டில் அவருக்கு வேறு பேர் இருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவர் திண்டிவனத்தில் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர். படித்தவர் என்றால், ஒரு பேப்பர் பாக்கி. ஏன் பாக்கி? பரீட்சையில் ஆல்கீன் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். இவர் மூணு மணி நேரமும் அதற்கே பதில் எழுதி, பேப்பர் வாங்கி வாங்கி நூல் கட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை. மறு வருஷம் போய் மறுபடியும் அதே. "கேள்வி அவ்ளோ அழகா இருந்துச்சு மேஸ்திரி, எப்படி வுட்டுட்டு அடுத்ததுக்குப் போறது?" என்று என்னையே கேட்டார்.

ஒருநாள் லாரி நிற்கிறது, வெயில் ஏறுகிறது. இவர் என் ஆட்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு எதிரும் புதிருமாக நிறுத்தினார்.

"கார்பனுக்கு நாலு கை. புரியுதா? ஆளுக்கு ரெண்டு கையால ரெண்டு ஹைட்ரஜனைப் புடிச்சுக்கினு இருக்கீங்க. மிச்சம் எத்தினி கை?"

"ரெண்டுண்ணே" என்றான் ஏழுமலை. அவன் என் ஆட்களிலேயே சாது.

"அந்த ரெண்டையும் குடுத்து எதிர்ல இருக்கறவனைப் புடி. இதான் ஈத்தீன். இதான் டபுள் பாண்டு. இப்ப ஒருத்தன் மட்டும் சுத்துங்கடா பார்ப்போம்."

ஏழுமலை சுத்தப் பார்த்தான். கை முறுக்கிக்கொண்டு "அய்யோ" என்றான்.

"முடியாது! ஒரு கையால புடிச்சிருந்தா சுத்தலாம். ரெண்டு கையாலயும் புடிச்சா சுத்த முடியாது. அதனாலதான் இந்தப் பக்கம் இருக்கறவன் இந்தப் பக்கமே இருப்பான், அந்தப் பக்கம் இருக்கறவன் அந்தப் பக்கமே இருப்பான்."

லாரி டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே தலையை நீட்டினார். "இன்னா மேஸ்திரி, காய் எறக்குவீங்கன்னு பார்த்தா கும்மி அடிச்சிக்கினு இருக்கீங்க?" என் மானம் போனது. எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு தாரை நானே தூக்கி இறக்கினேன்.

மெஷினில் எத்திலீன் என்று எழுதியிருக்கும். அதை அடித்து, அதே கேஸுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற பேரான ஈத்தீன் என்று மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவர் இவர். அந்த மெஷினில் ஒரு ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். உள்ளே சூடாகி, ஸ்பிரிட்டில் இருக்கிற தண்ணீரை உருவி எடுத்துவிட்டால் மிச்சம் வருவது கேஸ். "ஆல்கஹால்லருந்து தண்ணிய எடுத்தா ஆல்கீன். லேபுல ஆசிட் ஊத்தி எடுப்பாங்க, இங்க மெஷினு எடுக்குது" என்று இவர் விளக்கியதில் ஆல்கஹால் என்ற வார்த்தை மட்டும் என் ஆட்கள் காதில் விழுந்து, ரெண்டு பேர் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது விஷம் என்று அவர்களை விரட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பழம் வாங்க வந்த ஒரு அம்மா, "கல்லு வெச்சுதானே பழுக்க வெக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். இதில் மட்டும் நான் அண்ணன் கட்சி. கார்பைடு கல் வைப்பது சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கெடுதல். வாழைப்பழம் பழுக்கும்போது தானே விடுகிற கேஸைத்தான் நாங்கள் கொஞ்சம் முன்னால் விடுகிறோம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். இவர் அந்த அம்மாவை நிற்க வைத்து, "கல்லுல வர்றது மூணு பாண்டும்மா, இது ரெண்டு பாண்டு" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா பழத்தையும் வைத்துவிட்டுப் பையையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். பை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

காலையில் மெஷினைப் போட்டதும், கிணற்றுக்குப் போடுவோமே அந்தப் பெர்மாங்கனேட், அதைத் தண்ணீரில் கரைத்து, மெஷின் வாயிலிருந்து குழாய் போட்டு அதில் கேஸைக் குமிழி விடுவார். ஊதாத் தண்ணீர் நிறம் போய், அடியில் பழுப்பாகப் படியும். "பார்த்தியா, வந்தவங்களுக்கு ஒரு கையை வுட்டுக் குடுத்து சேர்த்துக்கிச்சு! இது யாரையும் வெளிய தள்ளாது மேஸ்திரி" என்று கண் கலங்குவார். கலங்கட்டும். ஆனால் ஒருநாள் அதை முதலாளியுடைய டீ டம்ளரில் செய்துவிட்டார். டம்ளர் பழுப்பேறிப் போனது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, இதான் கடைசி. இன்னொரு தபா அந்தாளு ஏதாச்சும் பண்ணா, வூட்டுக்கு அனுப்பிடுவேன். பார்த்துக்க."

பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னை. நான் யார், அவர் அம்மாவா?

எங்கள் குடோனில் வரிசையாக ஆறு அறை. அறைக்கு அறை ஒரு குழாய் போகும். வலது கோடியில் இருக்கிற கடைசி ரெண்டு அறைக்கு நடுவில் மட்டும், பிளம்பர் எதற்கோ ரெண்டு குழாய் போட்டுவிட்டார். இடது பக்கத்திலிருந்து ஒன்று, ரெண்டு என்று கதவில் நம்பர் எழுதியிருந்தது. ஒரு திங்கள்கிழமை போய்ப் பார்க்கிறேன், எல்லா நம்பரும் வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஞாயிறு லீவில் வந்து பெயிண்ட் அடித்திருக்கிறார்.

"இன்னாண்ணே இது?"

"ஆறு கார்பன், கடைசில டபுள் பாண்டு. அது எந்தப் பக்கம் கிட்ட இருக்கோ அந்தப் பக்கத்துலருந்துதான் எண்ணணும். ஹெக்ஸ் ஒன் ஈன்! ஹெக்ஸ் ஃபைவ் ஈன்னு உலகத்துல எவனாச்சும் எழுதுவானா? தினம் அதைப் பார்த்துக்கினு எப்படி வேலை செய்யறது?"

"இது கார்பன் இல்லண்ணே, குடோன்! ஜல்தியா அழிச்சுட்டுப் பழைய நம்பரைப் போடுங்க!"

நாங்கள் கத்திக்கொண்டு இருக்கும்போதே முதலாளியின் போன். அவர் அக்கா பொண்ணுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கோலியனூரில். அந்த வாரம் பூரா அவர் அங்கேதான். "சனிக்கிழமை நீ லீவு. கல்யாணத்துத் தாரை நானே ரெண்டாம் நம்பர்ல எறக்கினேன். இன்னிக்கு அதுக்கு கேஸ் வுடு. பந்தில எலைக்கு ஒரு பழம், மஞ்சளா இருக்கணும்" என்றார். கோபத்தில் இருந்த நான் எந்த ரெண்டு என்று யோசிக்கவில்லை. "ரெண்டாம் நம்பராம்!" என்று அண்ணனிடம் கத்தினேன். அவர் தன்னுடைய ரெண்டாம் நம்பருக்குக் கேஸ் விட்டார்.

நாலு நாள் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். தங்கம் போல மஞ்சள் ஏறியது. வெள்ளிக்கிழமை உள்ளே போய்த் தாரில் கட்டியிருந்த பேர்ச் சீட்டைப் பார்த்தால், திண்டிவனத்து வியாபாரி ஒருத்தர் அடுத்த வாரத் திருவிழாவுக்காக வைத்திருந்த தார். ஓடிப்போய்ப் பழைய ரெண்டைத் திறந்தேன். கல்யாணத் தார் பச்சைப் பசேல் என்று என்னைப் பார்த்தது.

"தொலைஞ்சுதுண்ணே உங்க வேலை!" என்றேன்.

அவர் பச்சைத் தாரையும் மஞ்சள் தாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் பூவன். சமமா இருக்கு. பச்சையை வியாபாரிக்கு வெச்சுட்டு மஞ்சளைக் கல்யாணத்துக்கு அனுப்பினா யாருக்கு நஷ்டம்? அந்த வியாபாரிகிட்ட நானே கேட்டுக்கினு வர்றேன்" என்று திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் வியாபாரியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "யோவ் மேஸ்திரி! பழத்தை எடுத்துக்கினு போங்கய்யா. எனக்குத் திருவிழாவுக்குள்ள பழுத்தா போதும். இந்தாளு கார்பன், கைன்னு எங்கிட்ட ஆரம்பிச்சு இப்ப கடைப் பசங்களையெல்லாம் கை கோத்து நிக்க வெச்சிட்டான். பேஜாரு தாங்கல. முதல்ல ஆளை இட்டுக்கினு போங்க!"

கல்யாணம் நன்றாக நடந்தது. பழத்தைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும், முதலாளி திங்கள்கிழமை காலையில் வராமல் இருந்திருந்தால். வந்தவர், நாங்கள் மாற்ற மறந்துபோன, தன் அக்கா பேர் போட்ட சீட்டைப் பச்சைத் தாரில் பார்த்தார். கதவைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார்.

"எவன் மாத்தினது இது?"

"நான்தான் மொதலாளி" என்றார் அண்ணன், பரிசு வாங்கப் போகிற மாதிரி முன்னால் வந்து.

முதலாளி கதவு நம்பரை விரலால் தட்டினார். "யோவ், என் அக்கா வூட்டுக் கல்யாணம்யா. நல்லபடியா முடிஞ்சுது, அதனால கேக்கறேன். தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போய் மெஷினைப் போடு."

"கேக்காம பெயிண்ட் அடிச்சது தப்பு மொதலாளி. ஆனா நம்பர் தப்பில்ல."

"அப்ப பையை எடுத்துக்கினு கிளம்பு."

அண்ணன் உண்மையிலேயே பையை எடுக்கப் போனார்! எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு? ஒரு பேப்பர் பாக்கி வைத்திருக்கிற மனுஷனுக்கு எந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? மூச்சு வாங்க நான் முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, நான் சொல்லித்தான் அவரு மாத்தினாரு. எனக்கு இப்பல்லாம் இடது கண்ணு சரியா தெரியல. வலது பக்கத்துலருந்து எண்ணுனா எனக்குச் சுலபம்."

அண்ணன் மறுக்க வாயைத் திறந்தார். அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "கண்ணு தெரியாம லாரிகிட்ட நின்னுக்கினு இருக்கியா? இப்பவே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. அந்தாளையும் கூட்டிக்கினு போ, ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்க்காம இருக்கேன்" என்றார்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் மூணு மணி நேரம் நின்றோம். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மிதி வாங்கின காலை நொண்டிக்கொண்டே, முன்னால் நின்ற நோயாளிகளுக்கெல்லாம் அவர் ஆல்கீன் சொல்லிக்கொண்டு வந்தார். சீட்டு எழுதுகிற அம்மா எரிச்சலோடு நிமிர்ந்து, "யாருங்க இவரு, உங்ககூட வந்தவரா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன்.

"கூடப் பொறந்தவரா?"

"ஆமாங்க."

பொய் சொல்லக் கூடாது பிள்ளைகளே. அன்றைக்கு நான் முதலாளியிடம் சொன்னதெல்லாம் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.