மூங்கில் தரை முனகிய கதை

மூங்கில் சாமி வருகிறார் என்றால் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குக்கூட ஓய்வு கிடையாது. மாடிப்படி முழுக்கச் செருப்பு. சாமி மலையிலிருந்து இறங்கி வந்தவர் அல்லர்; காரிலிருந்து இறங்கி வந்தவர். வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தப் பாதம் தரையில் படக்கூடாதாம். பிறகு கைத்தடியால் ஓர் இடத்தைக் காட்டி, வீட்டார் ஒவ்வொருவரையும் அதன்மேல் நடக்கச் சொல்வார். யார் மிதிக்கும்போது தரை பலமாக முனகுகிறதோ அவர்தான் வீட்டின் பீடை! மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசாத வீடுகளில் தரையாவது பேசுகிறதே என்று எல்லாருக்கும் பரம திருப்தி.

அங்கே எல்லா வீட்டிலும் மூங்கில் தரைதான். நல்ல தரை, குறை சொல்வதற்கில்லை. பார்க்க அழகு, மிதிக்க இதம், நாற்காலியை இழுத்தாலும் லேசில் கீறல் விழாது. ஒரே வம்பு, ஈரம் ஆகாது. "உலர்ந்த துணியால துடைச்சா போதுங்க" என்று கட்டியவர் சாவி கொடுக்கும்போதே சொன்னார். அவருக்குத் தாடி இல்லை. யார் கேட்பார்கள்?

தாடி வைத்த சாமி வேறு மாதிரி சொன்னார். "மூங்கிலுக்கு உயிர் இருக்கு. தாகத்துல தவிக்குது. நான் மந்திரிச்சுத் தர்ற தண்ணியைத் தினமும் ஊத்தித் தேய்ங்க."

அங்கே குடியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் சில மாதமாக ஊற்றிவந்தார். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவர். சாமி விஷயத்தில் மட்டும் தன் கண்ணைக் கடையிலேயே பூட்டிவிட்டு வந்தார். எதிரே புதுக்கடை ஒன்று முளைத்து வியாபாரம் படுத்துவிட்டது, பாவம். எதிர்க்கடையைப் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் சாமியை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

சாமி கூடத்தில் ஓர் இடத்தைத் தடியால் காட்டினார். கடைக்காரரின் அக்கா நடந்தார். தரை 'கிரீச்' என்றது.

"இவங்க யாரு?"

"என் அக்கா, சாமி. புருஷனோட ஒத்துவரல. எங்களோடதான் இருக்காங்க."

"இந்தக் காலைத் தரையால தாங்க முடியல. இவங்க வெளிய போனாத்தான் உன் கடை தேறும்."

தாய் போன பிறகு இரவெல்லாம் தையல் மெஷின் மிதித்துத் தம்பியைப் படிக்கவைத்த கால் அது. அது கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, கொஞ்ச நாளைக்கு எங்கயாவது விடுதியில..."

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தார். "சரி. சாமி வரட்டும். எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். பெட்டியோட நிக்கறேன்."

சாமி மறுபடி வந்த அன்று கட்டடமே திரண்டு வந்தது. ஒரு பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதைப் பார்க்க நம் மக்களுக்கு எப்போதும் நேரம் இருக்கும்.

அக்கா தன் அறைக் கதவை விரியத் திறந்தார். "நான் ராப்பகலாப் புழங்கற ரூம் இது. என் கால் ஆகாதுன்னா இங்கதானே தரை கதறணும்? எல்லாரும் கேளுங்க." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொம் தொம்மென்று குதித்தார். தரை கம்மென்று இருந்தது.

"இப்ப சாமி எழுந்து கூடத்துல நடக்கட்டும். தடியால காட்டுவீங்களே, அதே இடம்."

"பாதம் படக்கூடாதும்மா."

"ஏன் சாமி, தரை உங்களைப் பத்தியும் ஏதாவது சொல்லிடுமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பக்தி நிற்காது. "நடங்க சாமி, நடங்க" என்று பின்வரிசை கத்தியது. சாமி எழுந்து வந்து காலை வைத்தார். நன்றாகத் தின்று வளர்ந்த உடம்பு. தரை போட்ட கூச்சலில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

"என் ரூம்ல உங்க தண்ணி ஒரு சொட்டுப் படல. உலர்ந்த துணிதான்" என்றார் அக்கா. "கூடம் தினமும் குளிக்குது. மூங்கில் ஊறி உப்பி, செவுத்துல முட்டி, மேல எழும்பி நிக்குது. மிதிச்சா கத்தாம என்ன பண்ணும்?" தம்பி பக்கம் திரும்பினார். "கடையில கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக் கேப்பியே, இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதான்னு. இப்ப நீ சொல்லு."

சாமி வாசலுக்கு ஓடினார். ஒவ்வோர் அடிக்கும் கிரீச், கிரீச் என்று தரை அவரை வழியனுப்பி வைத்தது.

கடைக்காரர் அழுதுகொண்டே அக்காவின் பெட்டியை உள்ளே கொண்டுபோகக் குனிந்தார். அக்கா அவர் கையை விலக்கினார்.

"தரை என்னைப் போகச் சொல்லலடா. நீதான் சொன்ன."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். ஒருவரும் குறுக்கே வரவில்லை. பக்கத்துத் தெருவில் சுவர் விரிசலைப் பார்த்துக் குறி சொல்கிற ஒருவர் வந்திருக்கிறாராம். அதற்குள் பாதிக் கூட்டம் அங்கே கிளம்பிவிட்டது.

உப்பிய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அக்காவை எந்தக் கடையில் வாங்குவது? உங்கள் வீட்டுத் தரை பேசுகிறது என்று நாளை எவனாவது வந்தால், அது என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள். அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னவன் யார் என்று கேளுங்கள்.