செத்தவள் ஊற்றிய காப்பி

மாலதி டீச்சர் இருந்தார், கையில் நீல அட்டை நோட்டுடன். லோரி ஓட்டும் மணியம் இருந்தான். ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற செல்லத்துரை ஐயா இருந்தார். என் மனைவி அஞ்சலை இருந்தாள். அவளைக் கைபிடித்துக் கூட்டி வந்த வகையில் நானும் இருந்தேன். மொத்தம் ஐந்து பேர். இடம், ரந்தாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபம். ஜனவரி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.

இதில் நான் மட்டும் புத்தகம் படிக்காதவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு முழுதாகப் படித்தது உர மூட்டையில் இருக்கும் எழுத்துதான். (அதுவும் மலாய்.)

ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு அவரவர் ஒரு வாசிப்புச் சவால் எடுப்பார்கள். என்ன மாதிரிப் புத்தகம், எத்தனை என்று சொல்ல வேண்டும். டீச்சர் நோட்டில் எழுதிக்கொள்வார். படித்து முடிக்க முடிக்க எண்ணிக்கை ஏறும். பரிசெல்லாம் கிடையாது.

செல்லத்துரை ஐயா, தன் வயதைவிடப் பழைய புத்தகங்கள் பன்னிரண்டு என்றார்.

"உங்க வயசுக்கு முந்துனது எங்க ஐயா கெடைக்கும்?" என்றான் மணியம்.

"தேடினால் கிடைக்கும் தம்பி. நீர் தேடுறேல்லை."

மணியம் எடுத்தது நூறு பக்கத்தைத் தாண்டாத புத்தகங்கள், பத்து. "ஆலை வாசல்ல லோரி வரிசையில நிக்கிற நேரத்துல முடியணும் லா."

அஞ்சலை எடுப்பது வருடா வருடம் ஒன்றுதான். அழ வைக்கும் புத்தகங்கள், இருபது. சிரிக்கிற புத்தகம் கொடுத்தால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவாள். வீட்டில் உட்கார்ந்து அழ அவளுக்கு நேரம் இருந்ததில்லை. புத்தகம் கிடைத்தால்தான் அழுவாள்.

அந்த வருடம் இனிப்பு நீர் வியாதி அவள் கண்ணை எடுத்துவிட்டது. சிறுநீரகத்தை முன்பே எடுத்திருந்தது.

"டீச்சர், என் பேர அடிச்சிடுங்க" என்றாள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க. நான் படிக்கிறேன், அவ கேக்கட்டும். கணக்கு அவ பேர்ல எழுதுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், செம்பனைக் காட்டில் முப்பது வருடம் நான் குலை வெட்டினேன். அவள் பின்னால் வந்து உதிரிப் பழம் பொறுக்கினாள். இரண்டு பேர் வேலை. குலைக் காம்பில் எழுதுவது என் நம்பர். கணக்கெடுக்கும் மண்டோரின் நோட்டில் ஏறுவது என் பேர். அவள் பேர் ஏறிய ஒரே நோட்டு, டீச்சரின் இந்த நீல நோட்டுதான்.

"எத்தன எழுதட்டும் அண்ணே?"

"இருபத்தஞ்சு."

(குலை வெட்டுகிறவன் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை.)

மணியம் சிரித்துவிட்டான். "ண்ணே, இது குலை இல்லண்ணே. புத்தகம்."

அஞ்சலை என் காலை மிதித்தாள். கண்தான் தெரியாது. குறி தப்பவில்லை.

வாரத்தில் மூன்று நாள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்வார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அங்கேதான் படித்தேன். முதல் நாள் மூன்று பக்கம். அதில் ஒருவன் கதவைத் தட்டுகிறான், இன்னொருவன் வந்து திறக்கிறான். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அவன் கதவத் தெறக்கறதுக்குள்ள எனக்கு ரத்தமே சுத்தமாயிடும் போல" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் தம்பின் ஊர்ப் பொன்னம்மா. அந்தம்மாவுக்கும் அதே வைத்தியம்தான். அவர் சிரித்த சிரிப்பில் மிஷின் கத்தியது. தாதி ஓடி வந்து என்னைத்தான் திட்டினாள்.

போகப் போக வேகம் வந்தது. முந்தின நாளே வீட்டில் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டு போவேன். சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் அஞ்சலை அழுவாள். ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது என்பதால் நான்தான் துடைத்துவிடுவேன். துடைத்ததும் ஒன்று என்று எண்ணுவேன். ஜூன் முடிவதற்குள் ஆறு.

ஏழாவது புத்தகத்தை அவளே பேர் சொல்லிக் கேட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெரிய நாவல். ஒரு அம்மா, மூன்று மகள்கள். அம்மாவுக்கு நோய் வருகிறது. அஞ்சலைக்கு வந்த அதே நோய். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில், மிஷின் பக்கத்தில் சாய்ந்தபடியே அந்த அம்மா செத்துப்போகிறாள். சாவு, வீட்டுக்குக் கொண்டு வருவது, எரிப்பது, எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது பக்கம். வீட்டில் படித்துப் பார்த்தேன். மூடி வைத்தேன்.

மறுநாள் பொன்னம்மா தயாராக இருந்தார். "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுண்ணே? பொழச்சாங்களா?"

நாற்காலிகளில் ஆறு பேர் சாய்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் குழாய். அஞ்சலை முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"பொழச்சிட்டாங்க" என்றேன்.

பத்தொன்பது பக்கத்தையும் சேர்த்துப் புரட்டினேன்.

புரட்டினால் கருமாதி. வீடு நிறைய சொந்தக்காரர்கள். அதைப் பெரிய மகளின் நிச்சயதார்த்தம் ஆக்கினேன். யாரோ எல்லாருக்கும் காப்பி கொடுக்கிறார்கள் என்று இருந்தது. அம்மாவையே ஊற்ற வைத்தேன்.

அதற்குப் பிறகு என் பாடு. செத்தவளை இன்னும் நூற்றைம்பது பக்கம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். சுவரில் மாலை போட்ட படம் வந்தது. அப்பா படம் என்று மாற்றினேன். மகள்கள் அழுதார்கள். அழுகிற இடத்தில் எல்லாம் அவர்களுக்குச் சளி பிடிக்க வைத்தேன்.

"என்னாங்க, இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஓயாத சளியா இருக்கு?" என்றாள் அஞ்சலை.

"மழைக்காலம்" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று வாரத்தில் முடித்தேன்.

ஆகஸ்டில் மறுபடி மண்டபத்தில் கூடினோம். அதே ஐந்து பேர். கடைசியாகப் படித்ததைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். படித்தேன், முடித்தேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். பாதிக் கதை நானே கட்டியது இல்லையா, எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்திருந்தது. எழுந்து நின்று முழுக் கதையும் சொன்னேன்.

"கடேசில சின்ன மக கல்யாணம். அம்மா கையாலயே எல்லாத்துக்கும் காப்பி ஊத்துறாங்க. அதோட கதை முடியுது" என்றேன்.

செல்லத்துரை ஐயா கையைத் தூக்கினார்.

"தம்பி, கொஞ்சம் பொறும். அந்த மனுசி நடுவிலேயே செத்துப் போச்சுதெல்லோ?" என்றார் செல்லத்துரை ஐயா.

"இல்லீங்க ஐயா."

"நான் படிச்சனான், தம்பி."

"அப்ப காப்பி ஊத்துனது யாருண்ணே? பேயா?" என்றான் மணியம்.

சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். பிறகு மணியம் அஞ்சலையைப் பார்த்தான். அவள் கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டைப் பார்த்தான். நிறுத்தினான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உட்கார வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சிரிங்க லா" என்றாள் அஞ்சலை. "எனக்குத் தெரியும். இந்தக் கதைய நான் முன்னாடியே ரெண்டு தடவ படிச்சிருக்கேன். ரெண்டு தடவயும் அந்தம்மா செத்துட்டாங்க. இவரு கையிலதான் பொழச்சாங்க."

பிறகு டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இத எழுதாதீங்க. நான் எடுத்தது அழ வைக்கிற புத்தகம். மூணு வாரமா சிரிப்ப அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன். இது காய்."

தோட்டத்தில் பழுக்காத குலையை வெட்டினால் அது கணக்கில் சேராது. மண்டோர் ஓரமாக ஒதுக்கிவிடுவார். வெட்டியவனுக்குத் திட்டு, அபராதம். முப்பது வருடத்தில் நான் காய் வெட்டியது அபூர்வம். அன்று எல்லோர் முன்னாலும் வெட்டினேன்.

டீச்சர் எழுதவில்லை. ஆறு, ஆறாகவே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டாள். "எத்தன பக்கம் தாண்டுனீங்க?"

"பத்தொம்போது."

"அதப் படிச்சிடுங்க. பொன்னம்மா தூங்கறப்ப மெதுவாப் படிங்க. நான் அழணும்."

"நாளைக்கு" என்றேன்.

மறுநாளும் நாளைக்கு என்றேன். ஒரு நாள் கண்ணாடியை மறந்தேன். ஒரு நாள் புத்தகத்தையே மறந்தேன். (மறக்கவில்லை. காரில்தான் இருந்தது.) அவள் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் அதைப் படிக்கவில்லை, அடுத்த புத்தகத்தையும் தொடவில்லை.

அக்டோபரில் அஞ்சலை போய்விட்டாள்.

கருமாதியன்று வீடு நிறைய ஆள். என் மகள் காப்பி போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. அஞ்சலை சொல்லிக் கதை தெரிந்த மருமகன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இது அந்தம்மா ஊத்துன காப்பியா?" என்றார். மகள் சிரித்தாள். சிரித்தபடியே அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சளிப்பா" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் அழுவதில்லை. சளிதான் பிடிக்கும். காப்பி கெட்டுப்போனால் இன்றைக்கும் அதே கேள்விதான், யார் ஊற்றியது என்று. பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

ஜனவரி வந்தது. முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள், வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

மறுநாள் மண்டபத்தில் டீச்சரிடம் சொன்னேன். அவர் பழைய பக்கத்தைப் புரட்டி அஞ்சலையின் பேரைத் தேடினார்.

"அழ வச்சுதா அண்ணே?"

"சளி" என்றேன்.

டீச்சர் ஆறை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்.

ஏழு.