பேஸ்மென்ற்றில் கூவிய குயில்

பனிக்காலத்தில் வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்புறோஸ் முதலில் பார்ப்பது மனைவி ஜெனாட்டின் முகத்தை அல்ல, வாசலில் கிடக்கும் சப்பாத்துத் தட்டை. வீட்டுக்கு ஆர் வந்தது, ஆர் போனது எல்லாவற்றையும் அந்தத் தட்டு ஒளிக்காமல் சொல்லிவிடும். அன்றைக்கு அது சொன்ன சேதி நல்லதாக இல்லை. உருகிய பனித்தண்ணீருக்கு நடுவில் ஒரு கால்தடம். பெரிய கால்தடம். அம்புறோஸ் தன் சப்பாத்தைக் கழற்றி அதன் மேல் வைத்துப் பார்த்தார். சப்பாத்தைச் சுற்றி வேலி போட்டதுபோல் தடம் வெளியே நின்றது.

“இஞ்சேரும், ஆர் வந்தது?”

“கஸ்டமர்.”

“ஆம்பிளையோ?”

“கஸ்டமரெண்டால் கஸ்டமர்தான். அதிலை ஆம்பிளை என்ன, பொம்பிளை என்ன?”

“கால் சரியான பெரிசாய்க் கிடக்குது.”

“பெரிய காலுக்குப் பெரிய போர்வைதானே வேணும்? சின்னதைப் போர்த்தினால் வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கும்.”

நியாயம் சரிதான். ஆனால் சந்தேகம் இருந்தது. அது சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தது.

ஜெனாட்டின் தொழில் போர்வை தைப்பது. வண்ணத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கையால் பொருத்தி, அழகான மேல்துணி செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதற்குக் கீழே பஞ்சு, பஞ்சுக்குக் கீழே இன்னொரு துணி என்று அடுக்கி, மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தைத்து முடிக்கத்தான் பலருக்குப் பொறுமை வராது. அவர்கள் ஜெனாட்டிடம் வருவார்கள். மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் பாதியை அவளுடைய மெசின்தான் பிடித்திருந்தது. நீண்ட மேசை, அதன் இரண்டு பக்கமும் உருளைகள், உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய போர்வை. மேலே தண்டவாளத்தில் தையல் தலை ஓடும். அதன் இரண்டு பிடிகளையும் பிடித்துக்கொண்டு ஜெனாட் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுபோல் அங்கும் இங்கும் போய்வருவாள். கோயில் சிநேகிதிகளுக்கென்று தொடங்கியது. பிறகு சொந்தக்காரர், பிறகு அவர்கள் சொல்லி வந்த பிரெஞ்சுக்காரக் கிழவிகள்.

எல்லாரும் பெண்கள். ஆண்கள் வந்தாலும் மனைவியின் மூட்டையைக் காரிலிருந்து இறக்கி வாசலில் கொடுத்துவிட்டு, நன்றிக்கு ஒரு “மெர்சி”யோடு போய்விடுவார்கள். சப்பாத்தைக் கழற்றுவதில்லை. சப்பாத்தைக் கழற்றினவன் இருக்க வந்தவன். அம்புறோசின் கணக்கு அப்படித்தான் போயிற்று.

அடுத்த கிழமை கழுவும் தொட்டிக்குள் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள் கிடந்தன. அதற்கடுத்த நாள் ஜெனாட் குசினிக்குள் நின்று போனில் கதைத்ததை மாடிப்படிக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“ஓம், புதன்கிழமை வாங்கோ. அவர் வேலைக்குப் போயிடுவார்... சீ, அவருக்கு ஒண்டும் தெரியாது. அவருக்கு என்ன தெரியும்?”

கடைசி வசனம்தான் அம்புறோசை அதிகம் சுட்டது. மனைவி கீழே ஒட்டுப் போட, புருசன் மேலே ஒட்டுக் கேட்கும்படியாகிவிட்டதே என்று நொந்தபடி வெளியே வந்தார்.

“ஆரோடை கதைச்சனீர்?”

“ராங் நம்பர்.”

“ராங் நம்பரை ஆரும் புதன்கிழமை வாங்கோ எண்டு கூப்பிடுவினமோ?”

“நல்ல மனுசர் போலை கிடந்தது.”

அவள் வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டாள். கண்ணீர் வந்தது அம்புறோசுக்கு.

டோர்வல் விமான நிலையத்தில் அவரோடு பெட்டி ஏற்றி இறக்குகிற அன்டன் என்றொருவன் இருந்தான். ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் வேறு யாரிடம் சொல்லி அழுவது? இரண்டு விமானங்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் அம்புறோஸ் மனதைத் திறந்தார்.

“அக்கா வீட்டிலை என்ன அண்ணை செய்யிறா?”

“குயில்ட்.”

“குயிலோ?”

“குயில் இல்லையடாப்பா, குயில்ட். போர்வை.”

“கடைசி எழுத்தை விடுங்கோ அண்ணை. குயில் என்ன செய்யும் தெரியுமோ? தனக்கெண்டு ஒரு கூடு கட்டாது. காகம் கஷ்டப்பட்டுக் கட்டின கூட்டுக்குள்ளை நைசாய் வந்து பூந்திடும்.”

“அப்ப காகம் ஆர்?”

அன்டன் அம்புறோசின் கறுப்புக் குளிர்ச்சட்டையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டபடி அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

அந்தக் கணத்திலேயே அம்புறோஸ் தீர்மானித்தார். புதன்கிழமை. கையும் களவுமாக.

புதன்கிழமை காலை வழமைபோல உடுத்திக்கொண்டு புறப்பட்டார். வாசலில் ஜெனாட் வழிமறித்தாள்.

“குளிராய்க் கிடக்குது. இந்த மஃப்ளரைச் சுத்திக்கொண்டு போங்கோ.” நீளமான சிவப்பு மஃப்ளரைத் தானே அவருடைய கழுத்தில் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டு, மிச்சத்தைத் தொங்கவிட்டாள். கலியாணம் கட்டின புதிதில்கூட இவ்வளவு கரிசனை இருந்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படிக் குழையும் என்று அம்புறோஸ் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“போட்டு வாறன்.”

“ஆறுதலாய் வாங்கோ.”

ஆறுதலாயாம்! அவசரப்படாமல் வரட்டுமாம்! மூலையிலிருந்த டெப்பனர் கடையில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்தார். வேலையிடத்துக்குப் போன் எடுத்து இருமிக் காட்டினார். பிறகு பின் ஒழுங்கையால், முழங்கால் அளவு பனிக்குள் புதைந்து புதைந்து, வீட்டுக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தார். எப்போதும் பூட்டிக் கிடக்கும் பேஸ்மென்ற் கதவு அன்றைக்குத் திறந்திருந்தது. அவனுக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர், மெசின் மேசைக்குக் கீழே தவழ்ந்து போனார். சுற்றிலும் துணி தொங்கியதால் நல்ல மறைப்பு. அங்கே ஒரு குஷன்கூடக் கிடந்தது. கர்த்தர் நியாயத்தின் பக்கம்தான் என்று நினைத்து அதன் மேல் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். ஜெனாட்டின் செருப்பு. அதற்குப் பின்னால் கனமான இன்னொரு கால். தேத்தண்ணி வாசம் வந்தது. அதோடு இறால் வடை வாசமும் சேர்ந்துகொண்டது. இறால் வடை! தனக்கு நத்தார், பாஸ்குப் பெருநாள்களுக்கு மட்டும் கிடைக்கிற வடை!

மெசின் உறுமத் தொடங்கியது. பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு ஆண்குரல் சிரித்தது. ஜெனாட்டும் சிரித்தாள். அம்புறோசுக்குத் தெரிந்ததெல்லாம் துணிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. வலது காலுறையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் பெருவிரல் தலையை நீட்டி, நுனியை மேலே வளைத்துக்கொண்டு நின்றது.

அந்த விரலை எங்கேயோ பார்த்திருக்கிறாரே! யோசித்தார். நனைந்த தன் காலுறையைக் கழற்றித் தன் பெருவிரலைப் பார்த்தார். அதே வளைவு. அதே திமிர். உலகத்தில் இன்னொரு ஆளுக்குத்தான் இந்த விரல் உண்டு.

வின்சன்ட் அண்ணை!

கூடப்பிறந்த அண்ணன். ஊரின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில் தனியாக இருக்கிறார். மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு மைக். வின்சன்டின் பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் அம்புறோஸ் கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, வின்சன்ட் மைக்கைப் பறித்து “சாப்பாடு ரெடி” என்று அறிவித்துவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தபோது மண்டபத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு முறிந்தது உறவு. போன கோடையில் வின்சன்டுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று கோயிலில் யாரோ சொன்னபோதுகூட அம்புறோஸ் கேளாதவர்போல் நடையைக் கட்டினார்.

இப்போது அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகு கோபம். அதற்குப் பிறகு, ஒருவருக்கும் தெரியாமல் வந்த வழியே போய்விடலாம் என்ற எண்ணம். அந்த நேரம் பார்த்து மெசின் நின்றது.

“அவன் இப்பவும் பாடுறவனோ?” வின்சன்டின் குரல்.

“குளிக்கேக்கை மட்டும். பக்கத்து வீட்டு மதாம் வந்து குழாயிலை என்ன பழுது எண்டு கேட்டவ.”

வின்சன்ட் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “நான் மைக்கைப் பறிச்சது பிழைதான், ஜெனாட். எத்தினை தரம் யோசிச்சிட்டன். ஆனால் அவனும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். நாலாவது பாட்டுக்குப் போயிட்டான். இறைச்சி ஆறிக் கட்டியாய்ப் போச்சு.”

“மூண்டாவது பாட்டு!” என்றது மேசைக்குக் கீழே இருந்து ஒரு குரல்.

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அம்புறோசுக்கு விளங்கியது. இனி ஓட்டம்தான். கதவை நோக்கிப் பாய்ந்தார். கழுத்தைப் பிடித்து ஏதோ இழுத்தது. திரும்பவும் பாய்ந்தார். திரும்பவும் இழுத்தது. கட்டையில் கட்டின கிடாய்போல அரைவட்டம் அடித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மஃப்ளரின் ஒரு நுனி போர்வையின் ஓரத்தில் கிடந்தது. அதன் மேல் பூவும் கொடியுமாக நெருக்கமான தையல்.

“ஆடாதேங்கோப்பா,” என்றாள் ஜெனாட். “தையல் கோணப்போகுது.”

“இது... இது என்ன வேலை?”

“மேசைக்கு வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டது. எடுத்து விரிச்சுத் தைச்சிட்டன். குஷன் வசதியோ?”

“தெரிஞ்சுகொண்டோ செய்தனீர்?”

“கதவைத் திறந்து விட்டது பின்னை ஆர்?”

வின்சன்ட் குனிந்து பார்த்தார். தம்பியின் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை ஜெனாட் வின்சன்டின் கையில் கொடுத்தாள். “அண்ணை, நீங்கள்தான் பிரிக்கோணும். எனக்கு மேலை உலை கொதிக்குது.” சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

ஜெனாட்டின் தையல் லேசில் பிரிகிற தையல் அல்ல. வின்சன்ட் நெஞ்சைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முகத்துக்கு முகம். ஓடவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது.

“உதென்ன போர்வை?” அம்புறோஸ்தான் கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே.

“நான் பொருத்தினது. ஒப்பரேசனுக்குப் பிறகு டொக்டர் ஓடியாடித் திரியவேண்டாம் எண்டிட்டார். சும்மா இருந்தால் விசர் பிடிக்கும். ஜெனாட்தான் துணி வெட்டக் காட்டித் தந்தவள்.”

“எல்லாம் கோணலாய்க் கிடக்குது.”

“கண்ணாடி மாத்தோணும்.” கத்தி ஒரு நூலை அறுத்தது. “நீ ஆஸ்பத்திரிக்கு வருவாயெண்டு பாத்துக்கொண்டு கிடந்தன்.”

அம்புறோஸ் மஃப்ளரைப் பார்த்தார். “வந்தனான்.”

“எப்ப?”

“வந்தனான் அண்ணை. கார் விட இடம் இல்லை. ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் போயிட்டன்.”

“ஆஸ்பத்திரியிலை கார் விடுற இடம் எப்பவும் பாதி வெறுமையாய்த்தான் கிடக்கும்.”

“ஓம்,” என்றார் அம்புறோஸ். “வெறுமையாய்த்தான் கிடந்தது.”

வின்சன்ட் இன்னொரு நூலை அறுத்தார். கண்ணாடி மாற்ற வேண்டிய கண் இப்போது நனைந்திருந்தது. அம்புறோஸ் மூக்கை உறிஞ்சி, மஃப்ளரின் மற்ற நுனியால் துடைத்துக்கொண்டார். கடைசி நூல் அறுந்த பிறகும் இரண்டு பேரும் தரையிலேயே இருந்து மிச்ச வடையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பெரிய வடை அண்ணனுக்கு என்று அம்புறோஸ் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவுதான்.

ஜெனாட் திரும்பி வந்தபோது அம்புறோஸ் எழும்பி நின்று, வழக்கை விசாரிக்கும் குரலில் கேட்டார்.

“இதை முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?”

“சொன்னால் வந்திருப்பியளோ? கோயிலிலை அவர் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் இடப்பக்கத்தாலை வெளியிலை போற ஆள். கூப்பிட்டால் வரமாட்டியள். சந்தேகம் வந்தால் வேலையையும் விட்டிட்டு வருவியள். அதுதான் ஒரு சந்தேகத்தைப் போட்டு வைச்சன்.”

“போன்?”

“நீங்கள் படிக்குப் பின்னாலை நிக்கிறதைப் பாத்துப்போட்டுத்தான் கதைச்சனான். மறுபக்கத்திலை ஒருத்தரும் இல்லை.”

“அப்ப அன்டன் சொன்ன குயில்?”

“பாவம், அவனுக்கு அதைப் பாடமாக்கிக் குடுக்க ரெண்டு நாள் எடுத்தது. முதல் தரம் கிளி எண்டு சொல்லிப்போட்டான். உங்கடை வேலைக்கும் இண்டைக்கு அவன்தான் ஆள் ஒழுங்குபடுத்தி வைச்சவன். நீங்கள் சும்மா போனிலை இருமினதையும் அவன்தான் சொன்னவன்.”

அம்புறோசுக்குக் கோபப்பட வேண்டும்போல் இருந்தது. வரவில்லை. அண்ணனின் தோளில் கையைப் போட்டார். எவ்வளவு பெரிய மனம் தன் மனுசிக்கு! சகோதர பாசத்துக்காக ஒரு பெண் இவ்வளவு பாடுபடுவாளா?

“ஜெனாட், எங்கள் ரெண்டு பேரையும் ஒண்டு சேர்க்கத்தானே நீர் இவ்வளவு கஷ்டமும்...”

“ஓம், அதுவும்தான்,” என்றபடி ஜெனாட் யன்னலால் எட்டிப் பார்த்தாள். “பஞ்சுச் சுருளை லொறிக்காரன் வாசல்லை பனிக்குள்ளை போட்டிட்டுப் போயிட்டான், தம்பி பாரமான முனை, அண்ணை மற்ற முனை, கெதியாய் உள்ளுக்குக் கொண்டு வாங்கோ.”