லிட்டருக்கு இருபத்தொன்று

இடது பின் டயரில் இரண்டு பாயிண்ட் காற்று குறைவாக இருந்தது.

ஓட்டுநர் சொட்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த அளவுமானியை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். முப்பது. இருக்க வேண்டியது முப்பத்திரண்டு. மணி ஒன்பதரை. பதினொன்றுக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். நிர்வாக மேலாளர் அலுவலகக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பின்ஸீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கிளம்பலாமா?"

"ரெண்டு பாயிண்ட் கம்மி மேடம். பங்க்ல ஒரு நிமிஷம் நிறுத்தி அடிச்சுக்கறேன்."

அடுத்த வண்டியில் சாய்ந்து நின்ற ஓட்டுநர் ஜெட் சிரித்தான். "யோவ் சொட்டு, ரெண்டு பாயிண்ட்டுக்கு டயர் ஒண்ணும் கோவிச்சுக்காதுய்யா. வண்டிய எடு."

"லிட்டருக்குப் பன்னெண்டு ஓட்டறவன் எல்லாம் டயரைப் பத்திப் பேசக் கூடாது."

ஜெட் தன் வண்டிக் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டான். அந்த அலுவலகத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. ஆறு ஓட்டுநர்களில் ஐந்து பேரின் வண்டிகள் பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை கொடுத்தன. சொட்டின் வண்டி பத்தொன்பது கொடுத்தது. எரிபொருள் பதிவேட்டில் பதினோரு வருடமாக அவர்தான் முதலிடம். ஒரு சொட்டு டீசல் வீணானாலும் முகம் சுண்டிப்போகும் என்பதால் வந்த பெயர் அது. அவர் அதைப் பட்டம்போலச் சுமந்தார்.

மேலாளர் மடியிலிருந்த கோப்பில்தான் ஆறு பேரின் தலையெழுத்தும் இருந்தது. ஓட்டுநர் பிரிவைக் கலைத்துவிட்டு வாடகைக் கார் வைக்கப்போகிறார்கள். ஒரு வண்டியும் ஓர் ஓட்டுநரும் மட்டும் மிஞ்சுவார்கள். இன்றைய கூட்டத்தில் கையெழுத்து. அந்த ஒருவர் யார் என்பதில் சொட்டுக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பயணம் தனக்கு வைத்த பரீட்சை என்றே நினைத்தார். நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். ஆயில் அளவு பார்த்தார். டிக்கியிலிருந்த வேண்டாத சாமான்களை எல்லாம் இறக்கிவைத்தார். எடை குறைந்தால் டீசல் குறையும்.

பங்க்கில் காற்று அடிப்பவர் குழாயைப் பிடுங்கினார். "முப்பத்திரண்டு வெச்சாச்சு. போங்க."

சொட்டு தன் அளவுமானியை வைத்தார். "முப்பத்து மூணு காட்டுது."

"எங்க மெஷின் முப்பத்திரண்டு காட்டுது."

"என் கேஜ் பொய் சொல்லாது."

"அப்ப எங்க மெஷின் பொய் சொல்லுதா?"

"மெஷினைச் சொல்லல. அதுக்கு வயசாயிருச்சுங்கறேன்."

ஒரு பாயிண்ட் கூடினால் டயரின் நடுப்பகுதி தேயும். சொட்டு வால்வின் ஊசியை நகத்தால் லேசாக அழுத்தினார். உஸ் என்றது. விரலை எடுத்த பிறகும் உஸ் என்றது. ஊசி உள்ளே சிக்கிக்கொண்டது. அதைக் குண்டூசியால் நெம்பி விடுவிப்பதற்குள் டயர் பதினெட்டுக்கு இறங்கிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"அடிங்க, அடிங்க. சீக்கிரம்."

"எதை வெச்சு அடிக்கறது? கரண்ட் போயிருச்சு." காற்று அடிப்பவர் சுகமாகக் கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப உங்க கேஜ் என்ன சொல்லுது?"

மேலாளர் கண்ணாடியை இறக்கினார். "என்னாச்சு?"

"காத்து கொஞ்சம்... அடுத்த பங்க் மூணு கிலோமீட்டர்ல இருக்கு மேடம்."

"பரவாயில்ல. பதற்றப்படாதீங்க. டயர் முக்கியம்."

சொட்டு நிமிர்ந்தார். பதினோரு வருடத்தில் எந்த அதிகாரியும் அவரிடம் சொல்லாத வாக்கியம் அது.

காற்று இறங்கிய டயரில் வேகமாகப் போனால் டயரும் கெடும், டீசலும் குடிக்கும். பதினைந்தில் போனார். சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் மணியடித்து வழி கேட்டு முந்திப் போனார்கள். அடுத்த பங்க்கில் சரியாக முப்பத்திரண்டு வைத்துவிட்டு, மனதோடு சேர்த்து நான்கு டயரையும் சரிபார்த்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி பத்தேகால்.

"மத்த மூணும் பாத்தீங்களா?" என்றார் மேலாளர்.

"பாத்தேன் மேடம்."

"ஸ்டெப்னி?"

சொட்டு பிரேக்கை மிதித்தார். ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. திரும்பப் போய் அதையும் பார்த்தார். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இவரல்லவா அதிகாரி.

முதல் சிக்னலில் நூற்றிருபது வினாடி சிவப்பு. முப்பது வினாடிக்கு மேல் நின்றால் இன்ஜினை அணைப்பது அவர் வழக்கம். அணைத்தார். இரண்டாவது சிக்னலிலும் அணைத்தார். மூன்றாவதிலும் அணைத்தார். பச்சை விழுந்தது. சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவ்வளவுதான்.

பின்னாலிருந்த வண்டிகள் ஒன்றாகக் கத்தின. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்தார்.

"பேட்டரி டவுனா? கேபிள் எடுங்க, என் வண்டியிலேருந்து கரண்ட் குடுத்துடலாம்."

"கேபிள்... வீட்ல இருக்கு."

"வீட்ல எதுக்குங்க?"

"ஒண்ணரைக் கிலோ எடை."

லாரிக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்ஸீட்டைப் பார்த்தார். "ஏம்மா, உங்களை மட்டும் எப்படி ஏத்தினாரு?"

நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். இன்ஜின் உறுமியது. சொட்டுக்கு உயிர் வந்தது. அதோடு ஒரு யோசனையும் வந்தது. இனி வழி நெடுக ஏழு சிக்னல். அணைத்தால் கிளம்பாது. அணைக்காவிட்டால் மனசு கேட்காது. சிக்னலே இல்லாத சுற்றுச்சாலை ஒன்று இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் அதிகம். ஆனால் ஒரே சீரான வேகம். கியர் மாற்ற வேண்டாம், பிரேக் தொட வேண்டாம்.

"சுத்துவழி மேடம். ஆனா லிட்டருக்கு நல்லாக் குடுக்கும்."

"உங்களுக்குச் சரின்னு பட்டா போங்க."

சுற்றுச்சாலையில் சிக்னல் இல்லை. ரயில்வே கேட் இருந்தது. அது மூடியிருந்தது.

சரக்கு ரயில். முடிவில்லாமல் வந்தது. இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்குப் பத்து மில்லி. சொட்டு கையைப் பிசைந்தார். இருபது மில்லி. முப்பது மில்லி. ஐம்பதில் அவருக்கு நெற்றி வேர்த்தது. இவ்வளவு நேரம் ஓடியதில் பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைத் திருகி அணைத்தார்.

ஏறவில்லை.

கேட் திறந்ததும் பால் வண்டிக்காரர் ஒருவர் முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பின்கதவு திறந்தது. மேலாளர் கோப்பை ஸீட்டில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"ஐயோ மேடம், நீங்களா!"

"ஏன், எனக்குக் கை இல்லையா? நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க."

"இவங்க யாரு?" என்றார் பால் வண்டிக்காரர், தள்ளிக்கொண்டே.

"எங்க மேனேஜர்."

"கம்பெனி ரொம்ப நொடிச்சுப் போச்சு போல."

வண்டி கிளம்பியது. மேலாளருக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது அவர் போன் அடித்தது.

"வந்துட்டே இருக்கோம் சார்... ஆமா, தெரியும், பன்னெண்டுக்குள்ள... டிரைவர் ரொம்பக் கவனமா ஓட்டறார் சார்."

மணி பதினொன்று ஐம்பது. இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். பரீட்சைக்கே வந்து சேராதவனுக்கு யார் மார்க் போடுவார்கள்? முதலுக்கே மோசம். சொட்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். எழுபது. எண்பது. தொண்ணூறு. பதினோரு வருடத்தில் வேகமானி முள் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு டம்ளர் டீசல் தொண்டையில் இறங்குவதுபோல் இருந்தது அவருக்கு.

"எதுக்கு இவ்வளவு வேகம்?" என்றார் மேலாளர்.

"லேட்டாயிருச்சு மேடம்."

"இந்த வண்டிக்கு எது சரியான வேகம்?"

"அம்பத்தஞ்சு."

"அப்ப அதுலயே போங்க. ஒரு நாளைக்காக உங்க பழக்கத்தைக் கெடுத்துக்காதீங்க."

சொட்டின் கண் கலங்கிவிட்டது. சாலை மங்கலாகத் தெரிந்தது. முள் ஐம்பத்தைந்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

பன்னிரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூட்ட அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் உள்ளே போனார். சொட்டு எதிர் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தார். கை தானாகச் செய்தது. நாற்பத்தேழு கிலோமீட்டர். இரண்டு புள்ளி இரண்டு லிட்டர்.

இன்னொரு முறை வகுத்துப் பார்த்தார். பிறகு பங்க்காரரிடம் கொடுத்து வகுக்கச் சொன்னார்.

மேலாளர் திரும்பி வந்தபோது சொட்டு காகிதத்தை நீட்டினார். வேலை போகிறதோ இருக்கிறதோ, இதைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"மேடம், இருபத்தொண்ணு புள்ளி நாலு."

அவர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "பதிவேட்ல ஏத்திடுங்க," என்றார். "சிவப்பு மைல எழுதுங்க."

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததுமே கேட்டாள். "மீட்டிங் என்னாச்சுங்க?"

"நடக்கல."

"ஏன்?"

"மேடம் போறதுக்குள்ள எல்லாரும் கலைஞ்சுட்டாங்க."

"அவங்க ஏன் லேட்டு? யாரு ஓட்டினா?"

சொட்டு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இருபத்தொண்ணு புள்ளி நாலு குடுத்துச்சு," என்றார் சுவரைப் பார்த்து.

மனைவி கதவைச் சாத்தித் தாழிட்டாள். "நாளைக்கு வேலை இருக்குமா, இருக்காதா?"

"தெரியல."

"ஆனா இருபத்தொண்ணு."

"புள்ளி நாலு."

"சரி, கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகை முன்னால் ஐந்து ஓட்டுநர்களும் நின்றார்கள். சொட்டைப் பார்த்ததும் ஜெட் ஓடிவந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"இறக்குடா! என்னடா ஆச்சு?"

"வாடகைக் கம்பெனி குடுத்த கெடு நேத்து மத்தியானம் பன்னெண்டோட முடிஞ்சுபோச்சாம். கோப்பு வரல, கையெழுத்து ஆகல. ஆறு பேரும் அப்படியே இருக்கோம். ஊர்ந்து ஊர்ந்தே ஆறு குடும்பத்தைக் கரையேத்திட்டியேய்யா!"

மற்றவர்கள் கை தட்டினார்கள். சொட்டு சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அவருக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை.

"ஊர்ந்தெல்லாம் போகல. அம்பத்தஞ்சுல போனேன். லேட்டானது விதி. மைலேஜ்தான் என் திறமை. பதிவேட்டைப் போய்ப் பாருங்கடா, சிவப்பு மைல இருக்கு."

ஆனாலும் ஒரு முள் உறுத்தியது. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காத ஓட்டுநர் என்று மேலாளர் நினைத்திருப்பாரோ? செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி தள்ளியவர். சொட்டு வரவேற்பு மேஜைக்குப் போனார். யாருக்கு எந்த வண்டி என்று ஒதுக்கும் பெண் அங்கே சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மேடம் என் மேல கோபமா இருக்காங்களா?"

"கோபமா? 'ஆறு பேருக்கும் வேலை தப்பணும்னா நான் அந்த மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவே கூடாது, நாளைக்குச் சொட்டோட வண்டியப் போடு'ன்னு முந்தாநாள் அவங்கதான் அண்ணே என்கிட்ட வந்து சொன்னாங்க."